கங்காணி பார்த்த ஓட்டப்பந்தயம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயமாம்! மூணாறு மலையில் இப்படியொரு கூத்தை ராமுத்தாய் கேள்விப்பட்டதே இல்லை. தேயிலை எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. கூலிக்காரப் பிள்ளைகள் மேல் வெள்ளைக்காரத் துரைக்குத் திடீரென்று என்ன பாசம்? போன வாரம் பொன்ராஜ் வாத்தியார் பிள்ளைகளின் உயரத்தை அளந்தார், மார்பை அளந்தார். இன்றைக்கு மைதானத்து ஓரத்தில், கூலியாட்களை மேய்க்கும் கங்காணி கருத்தப்பாண்டி நோட்டும் கையுமாக நிற்கிறான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போடிப் பக்கம் ஆள் பிடிக்க வந்தவன் அவன்தான். குமரிகளைக் கரட்டுக் குன்றில் ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு வாங்காதவர்களை மட்டும் கொழுந்து பறிக்கக் கூட்டிவந்தான். அன்றைக்கு முதல் ஆளாக ஏறி இறங்கிய மடச்சி இந்த ராமுத்தாய். இப்போது மகள் பூமாரியும் ஓடிக் காட்ட வேண்டுமா? ஒன்பது வயசுப் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவள் படிக்க வேண்டும். கூடை சுமக்கக் கூடாது.

மகளை ஓரமாக இழுத்தாள். "ஏட்டி, ஓடாதே. நொண்டிக்கிட்டே போ."

"நாந்தாம்மா மொதல்ல வருவேன்!"

"வந்தா நாளைக்கே உன் முதுகுல கூடையைக் கட்டிருவான். சொன்னதைக் கேளு."

வாத்தியார் விசில் ஊதினார். பூமாரி நொண்டி நொண்டி, கண்ணில் தண்ணீரோடு கடைசியாக வந்து சேர்ந்தாள். ராமுத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏமாந்தியா கங்காணி!

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "மொதல்ல வந்த பத்துப் பேரு இங்கனயே படிக்கட்டும். அடுத்த மாசம் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தோட போட்டி. ஜெயிச்சே ஆகணும்னு துரை ஒத்தக்கால்ல நிக்காரு. மத்தப் பிள்ளைக திங்கக்கிழமையிலருந்து கொழுந்துக்குப் போகணும். ஆள் பத்தலையாம்." சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராமுத்தாய் பாய்ந்து வந்தாள். "சாமி, அவளுக்குக் கால் சரியில்ல! கொழுந்துக்கு ஆகமாட்டா!"

"கொழுந்து பறிக்கக் கை போதும்" என்று கங்காணி பூமாரியின் பெயரை எழுதினான்.

"ஐயோ, நான் சொன்னது பொய்யி! கால் நல்லாத்தான் இருக்கு. ஓடு தாயி, ஓடிக் காட்டு!"

பூமாரி ஓடினாள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஜெயித்த பிள்ளையைவிட வேகமாக வந்து நின்றாள். கங்காணி நோட்டை மூடிக் கக்கத்தில் செருகினான்.

"அப்படியே ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கு. மூச்சே வாங்கலையே" என்றான். "ஏத்தமான மேட்டுக் காட்டுல கொழுந்து பறிக்கவே போட்டுருவோம்."