முகம் தெரியாமல் சுற்று

சினிமாக்காரர்களுக்கு ஒரு கூத்தான வழக்கம் உண்டு. கதாநாயகி பத்துப் பேரை அடிக்க வேண்டுமென்றால், ஓர் ஆம்பளைக்குப் புடவை கட்டி, விக் மாட்டி, முகம் தெரியாமல் அடிக்க விடுவார்கள். மேலூர்ப் பக்கம் சும்மா கிடந்த ஒரு கல்குவாரியில் அன்றைக்கும் அதுதான் நடந்தது. படம் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற சண்டைப்படம். கடத்தப்பட்ட பிள்ளைகளை ஒரு தாய் கம்பெடுத்து மீட்கிற கதை. ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது.

ஓரமாக நின்ற அஸ்வினிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மதுரைப் பழங்காநத்தத்தில் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறவள், சிலம்பத்தில் மூன்று தடவை மாநில அளவில் முதலாவதாக வந்தவள். டைரக்டர் இம்மானுவேல் ஷோரூமுக்கே வந்து, கதாநாயகிக்குப் பதிலாக நீதான் கம்பு சுற்றப்போகிறாய், டைட்டிலில் உன் பேர் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் அதை நம்பித் தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். வந்து இறங்கினால், ஸ்டண்ட் மாஸ்டர் வெள்ளைத்துரை ஏற இறங்கப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது, தங்கப்பாண்டி பார்த்துக்கொள்வான், நீ குளோசப்பில் கையை மட்டும் காட்டினால் போதும் என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்தாள்.

தங்கப்பாண்டி நல்ல வித்தைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் அசல் மதுரைக்காரன். ஆக்‌ஷன் என்றதும் அவன் கை தானாகக் கீழே போனது. புடவையைக் கைலி மாதிரி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிட்டுத்தான் கம்பைத் தூக்கினான். அழ வேண்டிய பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இரண்டாவது டேக்கிலும் அதே கதை. ஆறாவது டேக்கில் புடவைக்கு ஊக்குக் குத்திப் பார்த்தார்கள். ஊக்கைப் பிய்த்துக்கொண்டு மடித்துக் கட்டினான். சண்டை என்றால் கை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்று அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

மணி ஐந்தரை ஆனது. வெயில் பாறை உச்சிக்குப் போய்விட்டது. குவாரிக்கு வாங்கிய அனுமதியும் அன்றோடு சரி. இம்மானுவேல் வியர்க்க விறுவிறுக்க அஸ்வினியிடம் ஓடி வந்தார்.

"நீயே சுத்தும்மா. முகம் மட்டும் தெரியாமச் சுத்து."

"டைட்டில்ல பேரு வருமா சார்?"

மாஸ்டர் ஆட்களின் பேரைத்தான் போடுவது வழக்கம், தங்கப்பாண்டி பேர்தான் வரும் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அடப்பாவி மனுஷா என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப முகத்தக் காட்டித்தான் சுத்துவேன். இப்பவே சொல்லிப்புட்டேன் சார், பெறகு சொல்லலேன்னு சொல்லக் கூடாது."

வேகத்தில் சொல்கிறாள், கேமரா முன்னால் வந்தால் பயந்து தலையைக் குனிந்துகொள்வாள் என்று அவர் நினைத்தார். சரி சரி, நில்லு என்றார்.

குளோசப்புக்காகக் கட்டியிருந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுப்பாறையில் நின்றாள் அஸ்வினி. எட்டுப் பேர் பாய்ந்தார்கள். கம்பு போன வேகத்துக்கு அது இருக்கிற இடமே தெரியவில்லை. ஒருத்தன் கத்தி பறந்தது, இன்னொருத்தன் கால் வாரி விழுந்தான். ஒவ்வொருத்தன் விழும்போதும் அவள் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். பிள்ளைகள் சிரிக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். எட்டாமவன் விழுந்தபோது குவாரிக்குள் வெளிச்சம் அடங்கிவிட்டது. இனி இன்னொரு டேக் எடுக்க வழியே இல்லை.

வெள்ளைத்துரை குதித்தார். ஷாட்டைக் கெடுத்துவிட்டாள், சினிமாவில் இனி இவளுக்கு வேலையே கிடையாது என்று கத்தினார்.

"இனிமே வேலை குடுக்க வேணாம் மாஸ்டர். இன்னிக்குச் செஞ்ச வேலைக்குப் பேரக் குடுங்க, போதும்" என்றாள் அவள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

தங்கப்பாண்டி விக்கைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். தான் சுற்றாத கம்புக்குத் தன் பேரைப் போட்டால் ஊரில் தலை காட்ட முடியாது என்று மாஸ்டரிடமே சொன்னான்.

இம்மானுவேல் மானிட்டரில் அந்த ஷாட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"எங்கன வெட்டுனாலும் உன் முகம் வருதேம்மா."

"வெட்ட முடியாதுன்னு தெரிஞ்சுதான் சார் காட்டுனேன்."

அவர் மானிட்டரை அணைத்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, தாய்க்கு ஒரு தங்கச்சி உண்டு, அவள்தான் பிள்ளைகளை மீட்க வருகிறாள் என்று கதையை மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் அஸ்வினி பக்கம் திரும்பினார்.

"உன் இனிஷியல் என்னம்மா?"

"மு." என்றாள் அஸ்வினி. உதவியாளர் கையிலிருந்த நோட்டை வாங்கி, தன் பேரைத் தானே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.