ஒத்தைக்குத் துணை

அந்த மலை ஏரியில் ஓடுகிற மிதிபடகுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஆளை ஏற்றினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, செக்குமாடு மாதிரி நின்ற இடத்தையே சுற்றும். அதனால் தனியாக வருகிறவர்களுக்குப் படகு கிடையாது என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். தனியாக வருகிறவர்கள்தான் மல்லுக்கு நிற்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே மிதிப்பதற்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

டிக்கெட் கவுண்டர் பாஷையில் தனியாக வருகிறவர் 'ஒத்தை', கூடப் போகிறவர் 'ஜோடி'. இப்போது ஜோடியாக இருப்பவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஏரிக்கரையில் எல்லோரும் அவரை ஜோடி அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண்டாட்டியைப் பிரிந்து தனிக்கட்டையாகக் கிடக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பேர். வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு அவர் கதை தெரியாது. அவர் சொன்னால்தானே தெரியும்.

கோடை வந்துவிட்டால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. கீழே ஊரெல்லாம் வெயிலில் வேகும்போது சனம் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடும். ஏரியில் படகு, கரையைச் சுற்றிக் குதிரை, மரங்களுக்கு நடுவே கூடாரம், இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டே பறக்கிற விளையாட்டு. கம்பியில் போகிறவர்கள் சரியாக ஏரிக்கு மேலே வரும்போது போடுகிற கூச்சலில் காது கிழியும். காசு கொடுத்துப் பயப்பட வருகிற கூட்டம் என்று டிக்கெட் கொடுக்கிற அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இத்தனை கூட்டத்திலும் ஒரு நாளைக்குச் சில ஒத்தைகள் வரத்தான் செய்யும்.

ஜோடிக்கு ஒரே ஒரு விதி. ஒத்தை பேசினால் பதில் சொல்லலாம், தானாக வாயைத் திறக்கக் கூடாது. முன்னால் இருந்தவன் சரியான ஓட்டைவாய். கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை, வீட்டுக்காரர் எங்கே என்று வந்தவர்களைக் குடைந்து எடுத்துவிட்டான். ஒரு பெண் அழுதுகொண்டே கரையிறங்கியதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இந்த விதியைப் போட்டார்கள். நம்ம ஆளுக்கு அது விதியே இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை. பக்கத்தில் இருப்பவர் அழுதாலும் சிரித்தாலும் முகத்தை ஏரியின் அந்தக் கரைக்குத் திருப்பிக்கொண்டு மிதித்தபடி வருவார். 'அண்ணே, உங்க கூட வந்தா தனியா வந்த மாதிரியே இருக்கு' என்று ஒருத்தர் பாராட்டிவிட்டுப் போனார். அதைப் பாராட்டு என்றே இவரும் எடுத்துக்கொண்டார்.

கல்லுளிமங்கன் என்று அவருக்குப் பேர் வைத்தது அவர் மனைவி. முதலில் ஆசையாகத்தான் வைத்தாள். வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு அவர் பேச்சு இன்னும் குறைந்தது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார். அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அப்புறம் சுவரோடு பேச ஆரம்பித்தாள். ஒரு நாள், மகன் வீட்டுக்கு ஒரு மாசம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். இவர் தலையை ஆட்டினார். மாசம் முடிந்தது. எப்போது வருகிறாய் என்று இவர் கேட்கவில்லை. கேட்காத வீட்டுக்கு எப்படி வருவது என்று அவளும் வரவில்லை. அவளுக்கு அங்கேதான் சௌகரியம் போலிருக்கிறது என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த மலைக்கு வேலைக்கு வந்துவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்க நாலு பேர் வருவார்கள். சண்டையே போடாதவர்களை யார் சேர்த்து வைப்பது?

அவருடைய அக்காதான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையில் ஒரு நாள் போன் செய்து, எடுத்த எடுப்பிலேயே பிடிபிடியென்று பிடித்தாள். மகனுக்கு வெளிநாட்டுக்கு வேலை மாற்றலாகிவிட்டது, குடும்பத்தோடு போகிறான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான். போனால் இனி இந்தப் பக்கம் வருவது நடக்கிற காரியமா? அதற்கு முன்னால் அவள் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறாளாம். மலையைப் பார்க்கவா வருகிறாள் என்று அக்காவே கேட்டு, அக்காவே இல்லை என்றாள்.

"அவளுக்குப் போக இஷ்டமில்லடா. உன் வாயிலருந்து 'இரு'ன்னு ஒரு வார்த்தை வந்தா இருந்துடுவா. இந்த வாட்டியாவது வாயைத் தொறந்து தொலை."

"சரிக்கா" என்றார் அவர்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கே ஆள் மாறிவிட்டார். மேலாளரைப் பார்த்து, ஊழியர் குடியிருப்பில் அடுப்படி உள்ள அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அந்த மனுஷன் இவரிடமிருந்து இத்தனை வார்த்தைகள் வந்த அதிர்ச்சியிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். அறையைக் கழுவி, ஜன்னல் கதவுக்கு எண்ணெய் விட்டு, கடைவீதிக்குப் போய் இன்னொரு தலையணையும் இன்னொரு தட்டும் வாங்கினார். அவளுக்குக் குளிர் ஆகாது என்று கம்பளியில் கனமானதாகப் பார்த்து எடுத்தார். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, இங்கேயே இரு, இங்கேயே இரு என்று சொல்லிப் பழகினார். ஒரே ஒரு வார்த்தைக்கு ஒத்திகை பார்த்த ஆள் அவராகத்தான் இருக்கும்.

அவள் வந்தது கூட்டம் நெரிகிற ஒரு முற்பகலில். மகன் வெள்ளைக் காரை மேலே வண்டிகள் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. அவள் மட்டும் படியிறங்கி வந்து, வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கினாள்.

"ஜோடி அண்ணே, ஒரு ஒத்தை" என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. சாயம் பூசுகிறவள் இப்போது விட்டுவிட்டாள் போலிருக்கிறது. சுற்றிலும் வேலைக்காரர்கள், வரிசையில் ஆட்கள். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பாத்து உக்காருங்க. கைப்பிடியப் புடிச்சுக்குங்க."

கட்டின பெண்டாட்டியை அவர் ஆயுசில் முதல்முறையாக 'ங்க' போட்டுக் கூப்பிட்டார். அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, சொன்னபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மிதவைச் சட்டையை ஒத்தைகளுக்கு மாட்டிவிடுவதும் ஜோடியின் வேலைதான். வாரை இழுத்துக்கொண்டே இருந்தார், இறுகவே இல்லை. அவ்வளவு இளைத்திருந்தாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வந்து, கேட்காமல் வாரின் மிச்சத்தை உள்ளே சொருகிவிட்டார்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. இரண்டு பேர் மிதியும் ஒரே தண்டில் மாட்டியிருக்கும். ஒருவர் வேகமாக மிதித்தால் மற்றவர் கால் தானாகவே சுற்றும். கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் பாரத்தை முழுவதும் தன் காலுக்கு வாங்கிக்கொண்டார். அவள் கால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

இனி அவர்தான் பேச வேண்டும். அவருக்கே அது தெரியும். ஆனால் படகில் உட்கார்ந்ததும் நாலு கோடையாக மிதித்த பழக்கம் வந்து வாயில் பூட்டுப் போட்டுவிட்டது. ஒத்தை பேசட்டும் என்று அந்தக் கரையைப் பார்த்தபடி காத்திருந்தார். அவளோ இவர் பேசுவார் என்றுதான் மலையேறி வந்திருக்கிறாள். தலைக்கு மேலே ஒருத்தன் கம்பியில் அலறிக்கொண்டு போனான். அவன் பாட்டுக்கு உயிர்போகக் கத்தினான், இவர்கள் பாட்டுக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

படகு பாதி ஏரி தாண்டிவிட்டது. அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

"ரொம்ப ஆழமா இது?"

"நடுவுல ஆழம். கரையோரம் இடுப்பளவுதான்."

எல்லா ஒத்தைகளுக்கும் சொல்கிற பதில். அவள் தண்ணீரில் கையை விட்டு எடுத்தாள். அப்புறம் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டாள்.

"கோடை முடிஞ்சா இங்க யாரு வருவா?"

"யாரும் வர மாட்டாங்க. படகையெல்லாம் கரையேத்திக் கவுத்து வச்சிடுவோம்."

"அப்ப நீங்க?"

"நான் இங்கயேதான்."

"ஒத்தையிலயா?"

அவள் ஏரிக்கரை பாஷையில் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் கால் நின்றது. படகும் நின்றது. புது அறை, அடுப்படி, கனமான கம்பளி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. அவள் பக்கம் திரும்பினார். உதடு பிரிந்தது. சத்தியமாகச் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் கரையில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஏழாம் நம்பர் படகு நேரம் முடிந்தது, கரைக்குத் திரும்பவும்.

அட, முடிந்தால் முடியட்டுமே. கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆனால் யார் தலையைச் சீவிவிடப் போகிறார்கள்? எத்தனையோ குடும்பங்கள் காது கேட்காத மாதிரி ஏரியையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒலிபெருக்கி கூப்பிட்டால் உடனே திரும்பாத ஜோடி இவர் இல்லை. மனசு ஒரு பக்கம் நிற்க, கை தானாகவே திருப்புகோலை வளைத்தது, கால் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. படகு கரையைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்ல வந்ததைக் கேட்கத் தயாராக இருந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. அவளைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது, கொண்டு போய் இறக்கிவிடுகிறார்.

கரையில் அவரே வாரை அவிழ்த்துவிட்டார்.

"உங்களுக்கு வயசாச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன், பாத்துப் பாத்து மிதிக்கிறீங்க. என் காலே நோகலை" என்றாள். அப்புறம், "சரி, உடம்பப் பாத்துக்குங்க" என்றாள்.

படியேறிப் போனாள். ஒவ்வொரு படியிலும் நிதானித்துத்தான் ஏறினாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் "ஜோடி அண்ணே, இன்னொரு ஒத்தை" என்ற குரல் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர் படகில் ஒரு காலை வைக்க, படகு சாய்ந்துவிட்டது. சாய்கிற படகைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? இவர் இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். மனுஷா, மனுஷா, உன்னை என்னதான் செய்வது?

கரை தூரமாகத் தூரமாக வெள்ளைக் கார் கிளம்புவது தெரிந்தது. மலைப்பாதையின் முதல் வளைவில் மறைந்து, கீழ் வளைவில் மறுபடி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஏரிக்கு நடுவில் விதியை மீறிவிட்டார்.

"என் சம்சாரம் இப்பதான் சார் இதே சீட்ல உக்காந்திருந்தா" என்றார்.

கறுப்புக் கண்ணாடி லேசாகத் திரும்பியது. அவ்வளவுதான், இவருக்கு மடை திறந்துவிட்டது. ஆலையை மூடியது, வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நாற்காலியே கதியாகக் கிடந்தது, அவள் போன மறுநாளே அவள் தலையணையின் எண்ணெய் வாசனைக்காக அந்தப் பக்கமாகப் படுத்தது, ஜன்னலுக்கு எண்ணெய் விட்டது, அவள் இல்லாமல் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை என்பது எல்லாம் கடகடவென்று வந்தன. இங்கேயே இரு என்று கூடச் சொன்னார். அத்தனையும் அவளிடம் சொல்ல வேண்டியவை. ஒன்றைக் கூட விடாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பிருந்தே சிவந்திருந்ததோ என்னவோ. அவர் கோபமாகப் பேசவில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் ஜோடி.

முகத்தை அந்தக் கரைக்குத் திருப்பிக்கொண்டார். காரைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இந்தப் பக்கம் அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அதனால் இவர் திரும்பவில்லை. ஒலிபெருக்கி கூப்பிடுகிறவரைக்கும் இரண்டு பேரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.