பூனை திருத்திய வரலாறு

அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று சக புரோகிராமர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் டீமுக்குத் தலைவி வேறு யாருமில்லை, கணவனின் அக்காதான். ஒரே வீடு. நாத்தனார் மாடியில், பூனை கீழே. ஆபீசிலும் தலைக்கு மேல், வீட்டிலும் தலைக்கு மேல். எங்கே போய் வாயைத் திறப்பாள், பாவம்!

ஆனால் விரலைக் கட்டிப்போட யாரால் முடியும்? செய்த வேலையைச் சேமிக்கும்போதெல்லாம் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். அதுதான் கமிட். எல்லாம் பொது சர்வரில் அடுக்கடுக்காகச் சேரும். இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் பூனை அங்கே கொட்டித் தீர்த்தாள்.

'மகாராணி உத்தரவு. பட்டனைப் பச்சையாக்கியாச்சு. பார்த்தாலே வாந்தி வருது.'

'மறுபடி நீலம். நேத்து பச்சை கேட்டதும் இவங்கதான், சாமி!'

'தேதிக் கணக்கு தப்பு. சொன்னேன். கேட்டாத்தானே? என் தலையெழுத்து.'

அன்று காலை நாத்தனார் எல்லோரையும் கூப்பிட்டார். "மத்தியானம் கஸ்டமர்கிட்ட ஒப்படைக்கிறோம். கமிட் வரலாறும் வேணுமாம். சாப்பிட்டு வந்ததும் பெரிய ஸ்கிரீன்ல போட்டு எல்லாரும் ஒரு தடவை படிச்சிடலாம்."

பூனைக்குத் தான் எழுதிய குறிப்புகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இது வெளியே வந்தால் சாயங்காலம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைவது?

எல்லோரும் சாப்பிடப் போனதும் உட்கார்ந்து வரலாற்றைத் திருத்தினாள். வாந்தி, 'தேவைக்கேற்ப நிறம் மாற்றப்பட்டது' ஆனது. தலையெழுத்து, 'தேதிக் கணக்கு பரிசீலனையில்' ஆனது. மகாராணி பதவி இழந்தார். திருத்தியதைச் சர்வருக்கு அனுப்பினாள். சர்வர் முடியாது என்றது. உன்னிடம் இல்லாத புது வேலை ஒன்று இங்கே இருக்கிறது, முதலில் அதை வாங்கிக்கொள் என்று நல்ல புத்தியும் சொன்னது. அவசரத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? அங்கே இருந்ததை அழித்து, அதன் இடத்தில் தன்னுடையதை வலுக்கட்டாயமாகத் திணித்தாள். அப்பாடா!

அந்த அப்பாடாவுக்கு ஆயுசு குறைவு. மீட்டிங் அறையிலிருந்து நாத்தனாரின் குரல் கிளம்பியது.

"காலையில நான் போட்ட வேலை எங்க? யாரு கை வச்சா?"

பூனை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சர்வர் பார்ப்பவர்தான் ஓடி வந்தார். "பதறாதீங்க மேடம், உங்க மெஷின்ல பழைய வரலாறு அப்படியே இருக்கும். சர்வர்ல இருக்கறத வாங்கி, ரெண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்க. முடிஞ்சது கதை."

உண்மையிலேயே முடிந்தது. பெரிய ஸ்கிரீனில் இப்போது இரண்டு வரலாறு, பக்கத்தில் பக்கத்தில். இந்தப் பக்கம் 'தேவைக்கேற்ப நிறம் மாற்றப்பட்டது'. அந்தப் பக்கம் வாந்தி. இரண்டுக்கும் நேரே பூனையின் பெயர்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒன்றுவிடாமல் வாசித்தார். 'சாமி'யைக்கூட விடவில்லை. டீமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கடைசி வரி வந்ததும் வாசிப்பு நின்றது.

"இது என்னோடது. நீயே படி."

காலையில் அவர் போட்டு, இவள் அழித்த வேலை. அதன் மேல் எழுதியிருந்தது: 'தேதிக் கணக்கைச் சரி பண்ணியாச்சு. அவ அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. வீட்டுல சொல்ல வாய் வரல, இங்க சொல்லிட்டேன்.'

பூனைக்கு எழுத்து மங்கியது. "அண்ணி... இதையா நான் அழிச்சேன்?"

"இதையேதான். தினமும் காலையில உன்னோடதப் படிச்சிட்டுத்தான் நான் காபியே குடிக்கிறேன். பதில் போடலாம்னு இன்னைக்குத்தான் துணிஞ்சேன், அதுக்குள்ள இந்த அவசரம்! கஸ்டமருக்கு உன் சுத்தமான வரலாறே போகட்டும், அது மேல என் வேலைய மட்டும் வச்சுக் குடுத்துடு. பழசு என் மெஷின்ல இருக்கட்டும்."

பூனை மூக்கை உறிஞ்சினாள். பிறகு எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அந்தப் பச்சை நிஜமாவே நல்லால்ல."

"தெரியும்டி. அதைப் படிச்சிட்டுத்தான் மறுநாள் நீலம் கேட்டேன்."