சும்மா கிடைத்த டிராக்டர்

சும்மா என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவள் புருஷனுக்கு வாயெல்லாம் பல். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன். போகிற வழியில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மோட்டார் இல்லாத வாஷிங் மெஷின், எந்த வாசலுக்கும் பொருந்தாத ரெண்டு கதவு, ஒரு பல் டாக்டர் கழித்துக் கட்டிய நாற்காலி, எல்லாம் அவளுடைய செடி நர்சரியின் ஷெட்டில்தான் குடியிருந்தன. மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பேரே 'சும்மா அண்ணன்'. அவளை ஊர் நர்சரிக்காரி என்று கூப்பிட்டது. கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருஷமாக அவளும் தலையில் அடித்துக்கொள்கிறாள், அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தடவை கிடைத்தது நாற்காலி இல்லை, டிராக்டர். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. கணக்கு டீச்சர் ஒரு நாள் வேன் பக்கத்தில் வந்து, "எங்க வீட்டுப் பின்னாடி ஒரு மினி டிராக்டர் நிக்குது. வீட்டுக்காரரோடது. அவர் போய் மூணு வருஷமாச்சு. பணமெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போனா போதும்" என்றாராம்.

வேண்டாம் என்று ஒரே போடாகப் போடவும் நர்சரிக்காரிக்கு மனசு வரவில்லை. மண்ணையும் எருவையும் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் தள்ளித் தள்ளி அவளுடைய வலது தோள் செத்துப் போயிருந்தது. கையைத் தூக்கித் தலை வார முடியாது, மகள்தான் பின்னிவிட வேண்டும். சின்னதாக ஒரு டிராக்டர் இருந்தால் பாதிப் பாடு தீரும். இருந்தும் உள்ளுக்குள் ஒரு பயம். டிராக்டரைப் போய் யாராவது சும்மா கொடுப்பார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்ததும் அந்தப் பயம் கூடத்தான் செய்தது. டீச்சர் வாசலிலேயே நின்று, "இந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்று கையைக் காட்டினார். கூட வரவில்லை. வாசலிலிருந்து பார்க்க, வீட்டுக்குள் பின்கதவை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ நின்றது. சமையலறை ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெயிலே வராது.

பின்பக்கம் நல்ல சரிவு. இடுப்பளவு புல்லுக்குள், ஒரு செங்கல் குவியலில் மூக்கை முட்டிக்கொண்டு டிராக்டர் நின்றது. சீட்டு கிழிந்து பஞ்சு தள்ளியிருந்தது, டயரில் காற்றில்லை. அவள் புருஷன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லை வெட்டினார், டயருக்குக் காற்றடித்தார், செங்கலையெல்லாம் பொறுக்கி ஓரமாக அடுக்கி வழி பண்ணினார். "பாத்தியா, இந்தச் சரிவுல சக்கரத்துக்கு ஒரு கல்லு கூட இல்ல, அசையாம நிக்குது. பிரேக்கு அப்படி!" என்று பெருமை வேறு.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வாரம் இன்ஜின் ஓடினால் எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பது. ஓடாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கடவுளே ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று அவள் ஆறு நாளும் வேண்டிக்கொண்டாள்.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சுமந்துகொண்டு, வயரும் டீசல் கேனுமாகப் பின்பக்கம் போனார். டீச்சர் நர்சரிக்காரியைச் சமையலறையில் உட்கார வைத்து டீ போட்டார். பேப்பர் ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரும்பில் ஸ்பானர் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சரின் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. நர்சரிக்காரி அதைக் கவனித்தாள்.

"டீச்சர், இதுக்குச் சாவி எங்க?" வெளியிலிருந்து அவர் குரல்.

"அது தொலஞ்சு ரொம்ப வருஷமாச்சு!" என்றார் டீச்சர் ஜன்னலைப் பார்த்து.

"பரவால்ல, எங்கிட்ட திருப்புளி இருக்கு!"

டீச்சர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ முழுக்கத் தரையில் ஓடியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"திருப்புளிய வச்சா ஸ்டார்ட் பண்ணப் போறாரு?"

"சாவி இல்லேன்னா அப்படித்தான் டீச்சர். செல்ஃப் மோட்டார்ல ரெண்டு முனை இருக்கும், ரெண்டையும் சேர்த்துத் தொட்டா இன்ஜின் சுத்தும். வேன்லயே பண்ணுவாரு."

"கீழ நின்னுக்கிட்டா?"

"கீழ நின்னுதான். ஏன் டீச்சர்?"

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. "கயிறு கட்டி இழுத்துட்டுப் போவீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்புறம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். "அவரும் அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணுவாரு. எப்பவும் கியர் எதுலயும் போடாம, நியூட்ரல்ல விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்ல வச்சிட்டு வருவாரு. ஒரு நாள் சாயங்காலம் வாசல் கேட்டு காத்துல அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு அண்டக் குடுக்க அந்தக் கல்லு வேணும். வண்டி உருண்டுரக் கூடாதேன்னு ஏறி கியர்ல போட்டுட்டுக் கல்ல எடுத்தேன். மேட்டுல நிறுத்துனா கியர்ல போடணும்னுதான கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறப்போ சொன்னாங்க? அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். மறுநாள் காலைல அவர் திருப்புளிய எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் இந்த ஜன்னல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

கியரில் நிற்கிற வண்டியை அப்படித் தொட்டால் இன்ஜின் பிடித்த நொடியே பாயும் என்று யாரும் நர்சரிக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடுகிறவன் நிற்பது பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னால்.

"அவரே கியர்ல விட்டுட்டு மறந்துட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வாயத் தொறக்கல" என்றார் டீச்சர். "வண்டி போய்ச் செங்கல்ல முட்டி நின்னுச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடல. இன்னிக்கும் அதே கியர்லதான் நிக்குது."

அந்தச் செங்கலைத்தான் போன வாரம் அவள் புருஷன் பொறுக்கி வழி பண்ணியிருந்தார்.

நர்சரிக்காரி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்கதவில் பீரோ. வாசல் வழியாக ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கால் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அந்த மனுஷன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா? சோறு ஆறிப்போகுது என்றாலும், மகளுக்கு ஜுரம் என்றாலும் ஒரே பதில்தான்: இரு, இத முடிச்சிட்டு வரேன். முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். கூப்பிட்டால் செத்தார்.

வீட்டு மூலையைத் திரும்பியதும் முதுகு தெரிந்தது. பெரிய சக்கரத்துக்கு முன்னால் குந்தி, பாதி உடம்பை உள்ளே விட்டு, ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். கையில் திருப்புளி. பேட்டரி புல்லில் இருந்தது. அதிலிருந்து ரெண்டு வயர் வண்டிக்குள் போனது. அவள் கடைசிப் பத்தடியைச் சத்தமில்லாமல் கடந்தாள். பேட்டரியில் மாட்டியிருந்த வயரின் கிளிப் முதலில் வழுக்கியது. ரெண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். கிளிப் கையோடு வந்த அதே நேரம் உள்ளே இரும்பில் இரும்பு பட்டு டக் என்றது.

வேறொன்றும் நடக்கவில்லை. அந்தக் கிளிப் மூணாவது தடவைதான் வந்திருந்தால் என்று நினைக்க அவளுக்கு இன்றைக்கும் தைரியம் கிடையாது.

"அட, பேட்டரி செத்துப்போச்சா?" என்று திரும்பியவர் அவளைப் பார்த்தார். "ஏய், எதுக்கு வயரப் புடுங்கின?"

கியர் லீவரைக் கையால் காட்டினாள். "கியரு... கியரப் பாருங்க."

"அதப் பாக்காமலா கை வைப்பேன்? முப்பது வருஷமா வண்டி ஓட்டறவன்டி நான்."

"பாத்தீங்களா?"

அவர் எழுந்து போய் லீவரைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. மூணு வருஷமாகப் பிடித்த பிடியில் நின்றது. அவர் பெரிய சக்கரத்தைப் பார்த்தார், தான் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், அடுக்கி வைத்த செங்கல் மேல் உட்கார்ந்தார். பயம் வந்தால் இந்த மனுஷனுக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"எந்த அறிவுகெட்டது இத கியர்ல விட்டுச்சு?" என்று கத்தினார்.

டீச்சர் அப்போதுதான் மூலை திரும்பி வந்து நின்றார். மூணு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் கால் வைக்கிறார். அவர் வாய் திறப்பதை நர்சரிக்காரி பார்த்தாள். பாவம், இதைக் கேட்கவா வந்தார்?

"நான்தாங்க" என்றாள். "போன வாரம் ஏறி உக்காந்து அத ஆட்டிப் பாத்தேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? கொன்னுருப்பியேடி! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே! நாளைக்கு என் பொணத்து மேல விழுந்து அழுதா நான் எந்திரிச்சு வந்துருவேனா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு அவளைத் தொடவே இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவளைத் தாண்டிப் போய் டீச்சர் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஐயோ, காப்பாற்றப் போய் இப்படிப் பண்ணிவிட்டோமே என்று பதறினாள்.

"அவங்களத் திட்டாதீங்க" என்றார் டீச்சர். "கியர்ல போட்டது நான். மூணு வருஷத்துக்கு முன்னாடி. எங்க வீட்டுக்காரர் செத்தது அதனாலதான்."

சும்மா அண்ணன் செங்கல் மேலிருந்து எழுந்து நின்றார். கிளிப் இன்னும் நர்சரிக்காரி கையிலேயே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படியே ஓடிப்போய்விடலாம் போலத்தான் இருந்தது. போனால்? அடுத்த வாரம் டீச்சர் இன்னொருத்தனிடம் சும்மா என்பார். அவனும் திருப்புளியோடு வருவான்.

"எடுத்துக்கறோம் டீச்சர்" என்றாள். "இனி இது இங்க இருக்க வேண்டாம். ஆனா ஏங்க, கேட்டுக்குங்க. புதுச் சாவி போட்டு, சீட்டுல உக்காந்தா மட்டும்தான் இது ஸ்டார்ட் ஆகணும். அப்படிச் செய்யற வரைக்கும் இதுக்கு பேட்டரி கிடையாது."

அவர் நாலு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தார், ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்து, ரெண்டு கையாலும் லீவரை இழுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து செங்கல்லில் முட்டியது. அந்த ஒரு விரற்கடைக்கே ரெண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அவர் இறங்கி வந்ததும் டீச்சர் அவர் எதிரில் போய் நின்றார்.

"நீங்க டிரைவரு, உங்களுக்குத் தெரியும். தொடறதுக்கு முன்னாடி அவர் ஒரு தடவையாவது லீவரப் பாத்திருக்க மாட்டாரா? பாத்திருக்கணும்ல?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு தப்பைக்கூட ஒத்துக்கொண்டதில்லை. பாத்திருப்பாரு என்பாரோ, டிரைவர்னா பாக்காம இருப்பாங்களா என்பாரோ என்று நர்சரிக்காரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்திருக்கணும் டீச்சர்" என்றார் அவர். சட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் பாக்கல."