ஈரத்தில் பிடிக்கிற டயர்

பொன்னுவேலுக்கு இடது தோள்பட்டை கழன்று தொங்குவதுபோல வலித்தது. வெள்ளனே மார்க்கெட்டுக்கு மன்னவனூர் லாரி ரெண்டு வந்து நின்றுவிட்டன. கழுவிய கேரட், ஈர மூட்டை. காய்ந்த மூட்டை தோளில் சும்மா உட்காரும், ஈர மூட்டை எலும்பைத் தேடிப் பிடித்து உட்காரும். கழுத்து வழியே இறங்கிய சகதித் தண்ணீர் முதுகில் காய்ந்து தோலை இழுத்தது. சட்டை மாட்டக் கையைத் தூக்கியபோது ஒரு கெட்ட வார்த்தை தானாக வந்தது. அடுத்து வந்த கெட்ட வார்த்தை வலிக்காக இல்லை. அது தங்கச்சி புருசன் பழனிக்குமாருக்கு.

முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட் டீக்கடை போனுக்கு அவன் பேசியிருந்தான். "மச்சான், நீங்க குடுத்த வண்டி ரொம்ப வழுக்குதுங்க. டயர் மாத்தணும். நாளைக்கு மூஞ்சிக்கல்லு டயர் கடைக்கு வந்துருங்க." போனை வைக்கப் போகிற நேரத்தில்தான், "சுகன்யா விழுந்துட்டா. கையில அடி. பெருசா ஒண்ணுமில்ல" என்றான்.

வண்டி முதலில், பொண்டாட்டி பிறகு. மூட்டைக்கு மூட்டை பொன்னுவேல் அதைத்தான் நினைத்துக்கொண்டு இறக்கினான்.

அந்த வண்டி போன தை மாசம் கல்யாணச் சீராகக் கொடுத்தது. மாப்பிள்ளை வீடு கவுஞ்சியில் பூண்டு போடுகிற குடும்பம். சாதாரண வண்டி ஒன்று கொடுத்தால் போதும் என்றுதான் பேச்சு நடந்தது. பழனிக்குமார்தான் ஏரிக்கரையில் எவனோ டூரிஸ்ட்டு ஓட்டிப் போனதைப் பார்த்துவிட்டு க்ரூசர்தான் வேண்டும் என்று நின்றான். நீளமான வண்டி. சீட்டு முழங்கால் உயரத்தில் கிடக்கும், ஹேண்டில்பார் எருமைக் கொம்பு மாதிரி விரிந்திருக்கும், சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். "மாப்ள, இது சமவெளியில நேரா போற வண்டி. நம்ம வளைவுல இத எப்படிப் படுக்கப் போடுவீங்க?" என்று பொன்னுவேல் கேட்டுப் பார்த்தான். "அது என் சோலி மச்சான்" என்றான் மாப்பிள்ளை. அப்பன் இல்லாத வீடு, அண்ணன்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தான். கொடுத்ததோடு முடியவில்லை. சீராகக் கொடுத்த சாமான் கெட்டுப்போனால் கொடுத்தவன்தான் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா குப்பம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கிரைண்டர் மோட்டார் புகைந்தது, ஆள் வந்தது. கட்டில் கால் ஆடியது, ஆள் வந்தது. இப்போது டயர்.

இராமலிங்கத்தின் டயர் கடைக்குப் போனபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. வண்டி கடை வாசலில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் சுகன்யா. வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு, கன்னத்தில் ரோட்டு ஜல்லி இழுத்த கோடு. பெருசா ஒண்ணுமில்லையாம்.

"என்னத்தா இது?"

"வழுக்கிருச்சுண்ணே."

"பூம்பாறை தாண்டி பைன் மரத்து வளைவு இருக்குல்ல, அங்க" என்றான் பழனிக்குமார். வண்டிக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். "பொசுக்குனு பின்சக்கரம் விலகிப் போச்சு. நல்ல வேளை, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. சைலன்சர்ல ஒரு கீறல்தான்."

இராமலிங்கம் உள்ளேயிருந்து வந்தார். "வாய்யா பொன்னுவேலு. மாப்ளைக்கு வண்டி வாங்கிக் குடுத்தியா, கப்பல் வாங்கிக் குடுத்தியா? திருப்புறதுக்கே பாதி ரோடு வேணும் போல." பழனிக்குமார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

டயர்களை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். ஒன்று கட்டை கட்டையாகப் பட்டன் வைத்தது. தோட்டத்துச் சகதிக்கு அதுதான், ஆனால் ஈரத் தார் ரோட்டில் அந்தக் கட்டைகள் பாதிதான் தரையைத் தொடும், பிடிமானம் கிடையாது என்றார். இன்னொன்றில் பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. பழனிக்குமாரின் கை நேராக அங்கே போனது.

"இது எம்புட்டு நாள் வரும்?"

"நீங்க பேரன் எடுக்குற வரைக்கும் வரும். கல்லு மாதிரி ரப்பரு. மழையில அதும் கல்லு மாதிரிதான் போகும்." மூன்றாவதை எடுத்து அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதிந்து தடம் மெல்ல மேலே வந்தது. "இது மெது ரப்பரு. ஈரத்துல பல்லி மாதிரி பிடிக்கும். ஆனா வெரசாத் தேஞ்சுரும்."

"இதையே மாட்டுங்க" என்றான் பொன்னுவேல்.

"தேஞ்சுருமாம்ல மச்சான். அப்புறம் மறுபடியும் உங்களத்தான கூப்பிடணும்." பழனிக்குமார் வெள்ளை எழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். "ஊருக்குள்ள போனா இது எடுப்பா இருக்கும்."

பொன்னுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். எடுப்பு. அவன் தங்கச்சி கன்னத்துத் தோல் பைன் மரத்து வளைவில் கிடக்கிறது, இவனுக்கு எடுப்பு.

அதற்குள் இராமலிங்கம் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டார். டயரைத் திருப்பியவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி டயரைத் தடவிப் பார்த்தார். கோடு கோடாக இருந்த பள்ளத்துக்குள் ஏதோ பிசுபிசுவென்று கருப்பாக உறைந்திருந்தது.

"என்னய்யா இது, வெளக்கெண்ணெ வாடை அடிக்கி?"

"அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூசை போடுவோம்ல" என்றான் பழனிக்குமார். "கழுவி, மஞ்சக் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி... டயருக்கு வெளக்கெண்ணெ போட்டுத் தொடைச்சா நல்லாப் பளபளன்னு கருப்பா இருக்கும். அம்மா சொல்லும்."

"பக்கவாட்டுல தொடைச்சாலே வெனை. தரையில படுற எடத்துலயும் தொடைச்சு வச்சிருக்கீங்களேய்யா! இந்த மலையில, மழையில! எண்ணெ குடிச்சு ரப்பரே ஊறிப்போச்சு." இராமலிங்கம் டயரைக் கீழே போட்டார். "எப்ப விழுந்தீங்க?"

"அமாவாசைக்கு மறுநா காலைல" என்றாள் சுகன்யா.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருத்தர் 'ச்சு' கொட்டினார். பொன்னுவேல் மாப்பிள்ளையைப் பார்த்தான். நீங்க குடுத்த வண்டி, நீங்க குடுத்த வண்டி என்று ஒரு வருசமாகக் கேட்ட வாய் இப்போது என்ன சொல்லும் என்று பார்த்தான்.

"நானா தொடைக்கேன்? இவதான் தொடைக்கா" என்றான் பழனிக்குமார். "ஓரத்துல தொடைடின்னா முழுசுக்கும் அப்பி வச்சிருக்கா. மூட்டை தூக்குற வீட்டுல வளந்தவளுக்கு வண்டியப் பத்தி என்ன..."

அடி விழுந்த சத்தம் டயர் வெடித்த மாதிரி கேட்டது. பழனிக்குமார் டயர் அடுக்கில் மோதி நின்றான். பொன்னுவேலின் உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சல் நன்றாக இருந்தது. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், தோளில் கிடந்த மூட்டைகள் அத்தனையும் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"ஏலே, மாப்ளைய கை நீட்டிட்டானே" என்றார் ஆட்டோக்காரர்.

சுகன்யா புருசனிடம் போகவில்லை. அண்ணனிடம்தான் வந்தாள். கிட்டே வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நல்லா அடிச்சியாண்ணே? கை குளுந்துச்சா?"

"அவன் ஒன்னைய என்ன சொன்னான்னு கேட்டேல்ல..."

"தெனமும் கேக்கேன். எண்ணெயக் கீழயும் தடவுன்னு அந்தம்மா பக்கத்துல நின்னு சொல்லும், தடவுவேன். அதச் சொல்லுறதுக்கு எனக்கு வாயி இருந்துச்சு. இங்க, இத்தன பேரு முன்னாடி, நான் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள நீ கைய நீட்டிட்ட. இனிமே தப்பு அவரு மேல இல்ல, ஒம் மேல. நீ இப்ப மார்க்கெட்டுக்குப் போயிருவ. இவருக்குப் பின்னால ஒக்காந்து அம்புட்டு வளைவும் நான்ல போகணும்."

சரியாகத்தான் செய்தோம் என்று பொன்னுவேலின் மனசுக்குள் ஒருத்தன் கத்திக்கொண்டே இருந்தான். அவனை அடக்கவும் முடியவில்லை, வெளியே விடவும் முடியவில்லை.

சுகன்யா இராமலிங்கத்திடம் திரும்பினாள். நல்ல கையால் மெது ரப்பர் டயரைத் தொட்டு, இராமலிங்கம் காட்டிய மாதிரியே நகத்தை அழுத்திப் பார்த்தாள். "இதையே ரெண்டு சக்கரத்துக்கும் மாட்டுங்க. தேஞ்சா தேயட்டும்."

பழனிக்குமார் கன்னத்தைத் தடவிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். இராமலிங்கம் பேச்சுக்கொடுக்காமல் வேலையைப் பார்த்தார். வழக்கமாக டயர் மாட்டும்போது வாய் ஓயாமல் பேசுகிற மனுசன். லீவர் வளையத்தில் படுகிற சத்தமும் காற்றடிக்கிற சத்தமும்தான் கேட்டன. புது டயரில் மீசை மயிர் மாதிரி ரப்பர் முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

வண்டி கிளம்பியது. சுகன்யா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, பக்கவாட்டாக உட்கார்ந்து, நல்ல கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புருசன் தோளைப் பிடிக்கவில்லை. அண்ணனைப் பார்க்கவில்லை. பழனிக்குமார் வாசலிலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி சேற்றை வாரி அடித்துக்கொண்டு தாருக்கு ஏறியது.

இராமலிங்கம் கை துடைத்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அட, சொல்ல விட்டுட்டேனேய்யா."

"என்னது?"

"புது டயர் மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது ரோட்டுல ஒரசிப் போற வரைக்கும் இதுவும் வழுக்கத்தான் செய்யும். மொத நாளு பைய ஓட்டச் சொல்லணும். எல்லாருக்கும் சொல்லுவேன். இன்னைக்கி இந்தக் களேபரத்துல..."

பொன்னுவேல் ஓடினான். வளைவு வரைக்கும் ஓடினான். "மாப்ள! பைய போங்க! புது டயரு! மாப்ளோய்!" வண்டி கீழே கேட்டது, மேலே கேட்டது, மூடுபனிக்குள் எங்கேயோ கியர் மாறியது. அவன் குரல் கேட்டதாலேயே மாப்பிள்ளை அப்படி முறுக்கினானோ என்னவோ, சத்தம் இன்னும் கூடித்தான் போனது.

ரோட்டில் ஈரத்தின் மேல் புது டயரின் தடம் ஒரே கோடாகத் துல்லியமாகப் போய் வளைவில் திரும்பியிருந்தது. தூறல் விழ விழ அது ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வந்தது. பழனிக்குமாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி நாளைக்கே கவுஞ்சியிலிருந்து ஆள் வரும், வரட்டும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். சுகன்யாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்புதான் பாக்கி நின்றது.