பதினைந்து அங்குலம்

அமெரிக்காவின் ஓஹையோவில், எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். என் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

போன மாதம் லொரெட்டா ஹாஸ்கின்ஸ் வந்தார். கணவர் டுவைட்டின் ரைஃபிளுக்கு ஹேண்ட்கார்டு வேண்டுமாம். தொடர்ந்து சுட்டால் துப்பாக்கிக் குழல் கொதிக்கும். கை வெந்துபோகாமல் இருக்க அதன்மேல் மாட்டுகிற கூடு அது.

"ஏழு அங்குலம் போதும், தம்பி."

கவுண்டரில் சாய்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் கொழுப்பு ஏறியது.

"ஏழா? இப்ப எல்லாரும் பதினஞ்சுதாங்க. கையை நல்லா நீட்டிப் பிடிக்கலாம்."

"இல்லப்பா, அவரோட இடது கை..."

"கையெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும். ஆம்பளை ஏழு அங்குலத்தைத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்!"

அந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லொரெட்டா முகம் சிவந்து, பதினைந்தையே வாங்கிக்கொண்டு போனார்.

நேற்று ரைஃபிளோடு திரும்பி வந்தார்.

"இதை மாத்திக் குடு. மார்ச்சுல அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. இடது கையில பாதி பலம்தான். சனிக்கிழமை கூட்டாளிங்களோட சுடப் போகணும்னு ஆறு மாசம் ரப்பர் பந்தைப் பிசைஞ்சுட்டுக் கிடந்தார். போனார். முன்பக்கக் கனம் தாங்காம துப்பாக்கி மேசையில இடிச்சுது. எல்லாரும் பாத்தாங்க. இப்ப வீட்டை விட்டே நகர மாட்டேங்கிறார். இன்னிக்கு இழுத்துட்டு வந்திருக்கேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..."

"சொல்ல விட்டியா நீ?"

ஏழு அங்குலத்தை நானே மாட்டினேன். பிறகு லொரெட்டாவோடு, வாசலில் நின்ற வண்டிக்கு ரைஃபிளை எடுத்துப்போனேன். டுவைட் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் தப்பா குடுத்துட்டேன், சார். மன்னிச்சிடுங்க."

"சேச்சே! உனக்குத் தொழில் தெரியும். அன்னிக்கு நீ சொன்னதையெல்லாம் இவ சொன்னா. கடைக்காரனைத் திட்டாதேன்னு இவகிட்டயும் சொன்னேன். கைதான் சரியில்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

"இது லேசு, சார். பிடிச்சுப் பாருங்க. சனிக்கிழமை போவீங்கதானே?"

அவர் ரைஃபிளைத் தொடவில்லை. வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்பா. ஏழு அங்குலத்தைத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்."