வாஞ்சூர் தாண்டிய மாவு

"பாடம் படிச்சது போதும், ஒரு நிஜக் கம்பெனியை வளத்துக் காட்டுங்கடா" என்று காமர்ஸ் வாத்தியார் என்னையும் தெட்சிணாமூர்த்தியையும் லூர்தம்மாளின் ரொட்டிக் கம்பெனிக்கு அனுப்பினார். பிரெஞ்சு துரைமார் காரைக்காலை விட்டுக் கப்பலேறிய பிறகு, அந்த அம்மாள் சுடும் ரொட்டியில் பாதி விற்காமல் கிடந்தது. வெளியூரில் வாடிக்கை கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு அடுப்பை அணைத்துவிடப் போவதாகச் சொன்னார்.

நாங்கள் சும்மா இருப்போமா? நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தோம். அவருக்கு ரொட்டி சுடச்சுட வேண்டும். அங்கேயே ஓர் அடுப்பும் அடுப்புக்காரரும் பிடித்தாயிற்று. மாவை மட்டும் இங்கே பிசைந்து கொண்டுபோவது என்று திட்டம். எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

லூர்தம்மாள் மாவைப் புளிக்க வைப்பது கள்ளில். காரைக்காலில் அது ஒரு விஷயமே இல்லை. மோர்ப்பானை மாதிரி கள்ளுப்பானையும் அவர் அடுப்படியில் கிடக்கும். அங்கேயே இன்னொரு ஈடு பிசைய நேர்ந்தால் ஆகட்டும் என்று தெட்சிணா ஒரு பானையை வாடகைக் காரில் ஏற்றினான். நானும் காலை ஒதுக்கி இடம் கொடுத்தேன். மாவு அண்டாவோடு லூர்தம்மாளும் ஏறிக்கொண்டார். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் மதுவிலக்கு என்பது படித்த மேதைகள் இருவருக்கும் உறைக்கவில்லை.

எல்லைச் சாவடியில் ஏட்டு காருக்குள் தலையை விட்டார்.

"என்னய்யா வாடை?"

"ரொட்டி மாவுங்க" என்றேன்.

அண்டாவின் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து பானையை எடுத்து முகர்ந்தார்.

"இது யாரோடது?"

கேஸ் விழுந்தால் பரீட்சையும் போச்சு, வேலையும் போச்சு.

"என்னோடதுங்க" என்றார் லூர்தம்மாள். "ரொட்டிக்குப் போடுறது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதுக்குப் போட்டாலும் கள்ளு கள்ளுதாம்மா. எறங்குங்க."

அந்த வெயிலில் மாவு துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. இன்னும் சுணங்கினால் அளவுக்கு மேல் புளித்துப்போகும். முதல் நாளே தவறினால் கடைக்காரர் முகங்கொடுத்துப் பேசமாட்டார். லூர்தம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவைப் புடிக்கச் சட்டம் இருக்குங்களா?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "மாவுக்கு இல்ல."

"அப்ப அத விட்டுருங்க. போங்கடா, பொங்கிடப் போவுது!"

"உங்கள விட்டுட்டு எப்படிம்மா?" என்றான் தெட்சிணா. அழுதுவிடுவான் போலிருந்தது.

"நா மாட்டுனது வீணாப் போவணுமா? போ!"

போனோம். ரொட்டி வெந்து இறங்கும்வரை எங்களுக்கு உயிரே இல்லை. கடைக்காரர் ஒன்றைப் பிய்த்து மென்றார். இன்னொரு துண்டையும் வாயில் போட்டார். "நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு அனுப்புங்க தம்பி. நாள் தவறக் கூடாது."

அதே காரில் சாவடிக்குப் பறந்தோம். லூர்தம்மாளை ஏற்றிப்போகப் போலீஸ் வண்டி வந்து நின்றிருந்தது.

"என்னடா சொன்னாரு?"

"ரெண்டு மடங்கு கேக்குறாரும்மா!"

அவர் முகம் மலர்ந்தது. மாவு காய்ந்திருந்த கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஏட்டு அவசரப்படுத்தவும் எழுந்து போய் வண்டியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு யாருடா பிசையிறது?"